புல்லுக்கு அடியில் உப்புப் பாத்தி

கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்த நான் சொந்தமாக உப்பளம் போட்டேன். அதற்குப் பிறகு லாரி. லாரி நின்ற இடத்தில் ஷெட், ஷெட்டை ஒட்டி உப்பு மூட்டை அடுக்கக் கிட்டங்கி. ஊர் ஓரத்து உவர் நிலத்தைக் காட்டி, "இங்கன மனுசன் குடியிருப்பானா" என்று சிரித்தவர்கள் கண் முன்னாலேயே செம்மண் அடித்து மாடி வீடு எழுப்பினேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. எந்த என்ஜினீயரும் வந்து எனக்கு நூல் பிடித்துத் தரவில்லை. வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையையும் நானேதான் போட்டேன். இத்தனையும் கட்டும்போது ஒரு நாளும் பயந்தவன் இல்லை. அந்தப் புல் வெளுத்தபோதுதான் பயந்தேன்.

என் வீட்டுக்காரி குளியலறை டைல்ஸில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் வீட்டுத் தரையில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். டைல்ஸைப் பார்த்தாலே நடுங்கினாள். சக்கர நாற்காலியில் வாசல் வரை தள்ளி வந்தால், புல்தரையில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "இங்கன விழுந்தாலும் வலிக்காதுல்லா" என்பாள். நடக்காமல் விட்டால் கால் சூம்பிவிடும், அப்புறம் எழுப்ப முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. என் அம்மா அப்படிப் படுத்தவள்தான். எழவே இல்லை.

அந்தச் சமயத்தில் பெருமழை பெய்தது. பக்கத்து அளங்கள் உடைந்து, உப்புத் தண்ணீர் எங்கள் காம்பவுண்டுக்குள் ஏறி நின்றது. வெயில் வந்து தண்ணீர் வற்றியபின் பார்த்தால், புல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அதன்மேல் உப்பு பூத்திருந்தது. உப்பு வாரும் பலகையை எடுத்து வந்து என் வீட்டு வாசலிலேயே வாரினேன். மறுநாள் காலையில் மறுபடியும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அளத்தில் அது காசு. வாசலில் அதைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபடியும் வாரினேன்.

வீட்டுக்காரி ஒரு தரம் காலை வைத்துப் பார்த்தாள். ஏடுகட்டிய மண் பாதத்தில் குத்தியது. திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்தவள், "இனி நடக்கலை, விட்ருங்க" என்றாள். அவள் தூங்கும்போது போர்வையை விலக்கிக் கெண்டைக்காலைப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் மெலிந்தது போலவே தெரியும். மெய்யாகவே மெலிந்ததா, என் பயம் மெலிய வைத்ததா, தெரியாது.

ஹோட்டல்களுக்கும் துறைமுகத்துப் பக்கம் உள்ள பங்களாக்களுக்கும் புல்தரை போட்டுக் கொடுக்கும் ஒரு பெண்ணை அழைத்தேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். விவசாயக் கல்லூரியில் படித்தவளாம். முப்பது வயது இருக்கும். வணக்கம் சொன்ன கையோடு ஒரு இரும்புக் கம்பியைப் புல்லுக்குள் இறக்கினாள். ஒரு சாண் போனது. 'டங்' என்று நின்றது.

"அண்ணாச்சி, கீழ சிமெண்டு போட்ருக்கியளா?"

"சிமெண்டா? மிதிச்ச தரைம்மா அது. அளத்து ஆளுவளைக் கூட்டியாந்து, களிமண் போட்டு, நானும் கூட நின்னு மிதிச்சது."

"எதுக்கு மிதிச்சிய?"

"தண்ணி கீழ இறங்கிரக் கூடாதுல்லா? ஊத்துத தண்ணி அம்புட்டும் புல்லுக்கு நிக்கணும்னுதான். சுத்தி வரப்பும் வச்சேன்."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். "நீங்க புல்தரை போடல அண்ணாச்சி. உப்புப் பாத்தி போட்டு, மேல பச்சைத் துணியை விரிச்சிருக்கிய. அதான் உப்பு விளையுது."

ஜன்னலுக்குள்ளிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது: "பாத்தி போட்டே பழகுன கையிம்மா அது. வேற என்னத்தப் போடும்?"

அவள் வாய் திறந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தக் கேலிக்காகவே இன்னும் இரண்டு பாத்தி போடலாம் போலிருந்தது.

அந்தப் பெண் சொன்ன கணக்கு இது: தரையை உடைக்க வேண்டும், மண் முழுவதையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும், புது மண் கொட்ட வேண்டும். அது ஆற ஒரு மழைக்காலம் ஆகும் என்றாள். ஒரு மழைக்காலம் படுத்திருந்தால் என் வீட்டுக்காரி எழுவாளா?

"மண்ணை அள்ள வேண்டாம்," என்றேன். "அளத்துல தண்ணிய வெளிய விடணும்னா தாழ்ந்த மூலையில வரப்பை வெட்டுவோம். இதுக்கு வாட்டம் குடுத்தவன் நான். தென்கிழக்கு மூலை தாழ்வு. தரையை உடைச்சு, அந்த மூலையில வாய்க்கா வெட்டு. நல்ல தண்ணிய மேல விட்டா உப்பு தானா அங்கன போயிரும்."

தென்கிழக்கு மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "செய்யலாம் அண்ணாச்சி. ஜிப்சமும் போடணும். அப்பதான் மண்ணு உப்பை விடும்" என்றாள்.

தரையை உடைக்கும்போது கடப்பாறை எகிறியது. எகிறட்டும். நான் மிதித்த தரை அது. பிறகு டேங்கர் டேங்கராக நல்ல தண்ணீர் விட்டோம். வாய்க்காலில் வழிந்து வந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன் அண்ணாச்சி கண்ட தண்ணியையும் நக்குதிய? எங்கிட்ட மீட்டர் இருக்கு!" என்று அந்தப் பெண் சத்தம் போட்டாள்.

மீட்டரை அவள் பார்க்கட்டும். பயம் எனக்கல்லவா? முதலில் தொண்டை எரிந்தது. போகப் போகக் கரிப்பு இறங்கியது. வாயில் ஒன்றும் தெரியாத அன்று அவள் உப்பு தாங்கும் புல்லைக் கொண்டுவந்து நட்டாள்.

அதற்குப் பின்தான் பயம் அதிகம். புல் பிடிக்கும் வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போனாள். மேகம் கறுத்தால் அளத்துக்காரன் எப்போதும் நடுங்குவான். நான் அந்த நாட்களில் அதற்கு மேல் நடுங்கினேன். ஒரு மூலையில் நுனி வெளுத்தபோது, பலகை போட்ட ஜன்னலைப் போல என் வீட்டுக்காரி முகம் மூடிக்கொண்டது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்த மூலைக்கு மட்டும் இன்னொரு முறை தண்ணீர் விட்டு வடித்தோம். பச்சை திரும்பியது.

கயிற்றை அவிழ்த்த அன்று, "ஏளா, வாறியா?" என்று கூப்பிட்டேன். வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தாள். புல் அவளைத் தாங்கியது.

கொஞ்ச நாளில் என் கையை விட்டுவிட்டாள். அந்தப் பெண் தன் வேலையைக் காட்டி நெட்டில் போட, போனில் வீடியோ எடுக்க வந்தாள். வீட்டுக்காரி நடந்துகொண்டே போனைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தப் பிள்ளைதான் எனக்கு நடையை மீட்டுக் குடுத்தா. இப்ப ஒருத்தரும் பிடிக்காமத் தன்னால நடக்கேன்."

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். வாய்க்கால் பற்றி ஒரு சொல் இல்லை. அது போகட்டும். அவள் நடந்து வரும்போது, முதுகுக்குப் பின்னால், ஓரத்தில் இரண்டு கைகள் மட்டும் விரிந்தபடி கூடவே வருகின்றன. முகம் இல்லை. ஓர் அடி தள்ளி, அவள் சாய்ந்தால் பிடிக்க. அவளுக்கு இன்றைக்கும் அது தெரியாது. நான் இன்றைக்கும் அப்படித்தான் பின்னால் போகிறேன்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு இதன் மூலம் சொல்கிறேன். புல் உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கைகள் யாருடையவை என்று வீடியோவுக்குக் கீழே எழுத வேண்டும். பெரிய எழுத்தில்.