சோஹாரில் ஒற்றைக்கண் வக்கீல்

யேசுராஜ் குளச்சல்காரன். படகில் ஏறினாலே குமட்டும் என்பதால் கடலை விட்டுவிட்டு ஏசி மெக்கானிக் வேலை படித்தான். 2004இல் ஓமானுக்குப் பறந்தான். அங்கே சோஹார் நகரில், தொழிலாளர்கள் தங்கும் கம்பெனி கேம்ப்பிலும் அதிகாரிகளின் வீடுகளிலும் எந்த ஏசி மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இத்தாலிய இன்ஜினியர் மார்ட்டினோ வீட்டில் ஏணிமேல் நின்றிருந்தான். சுவரில் ஒரு தாடிக்காரரின் பழைய படம். யேசுராஜ் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டான்.

"இவரு எந்தப் புனிதரு சார்?"

மார்ட்டினோ சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திவிட்டது. "புனிதரா? வாலிபத்தில் ஊரறிந்த சண்டைக்காரர்! ஜெயிலுக்கும் போனார். ஒரு தகராறில் ஒரு கண்ணும் போனது."

நானூறு வருஷத்துக்கு முன் ரோமில் வாழ்ந்த வக்கீலாம் அவர். பிறகு திருந்தி, அரசு வக்கீலாக உயர்ந்து, குற்றச் சட்டத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதிக் குவித்தாராம். அவர் செத்து வெகுகாலம் ஆன பிறகும் நீதிபதிகள் அவற்றைப் புரட்டித்தான் தீர்ப்பு எழுதினார்களாம். மார்ட்டினோவின் அப்பா சட்டப் பேராசிரியர். படம் அந்த அப்பா வாங்கி வைத்திருந்தது.

"அடித்து வாக்குமூலம் வாங்கிய காலம் அது. அப்போதுகூட இவரைப் போன்ற வக்கீல்கள் ஒன்று சொன்னார்கள். முதலில் குற்றம் நடந்ததா என்று பார். அப்புறம் ஆளைத் தேடு."

யேசுராஜுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த மாதமே கேம்ப் டிவி புகைந்து அணைந்தது. திரையில் படம் ஆடியபோது டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டியவன் சோலையப்பன், பரமக்குடிப் பக்கத்து ஹெல்பர். கேம்ப் பாஸ் கௌஸ் முகம்மது ஹைதராபாத்காரர். "சச் போலோ! உண்மையைச் சொல்லு! இல்லேன்னா நாளைக்கே ஊருக்கு டிக்கெட்!" என்று கத்தினார். சோலையப்பன் பயந்துபோய், "நாந்தேன் உடைச்சேன் பாய்," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"கலாஸ், முடிஞ்சுது. ஒத்துக்கிட்டான்," என்றார் கௌஸ்.

யேசுராஜுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் ஆசை. ஆனால் ஒற்றைக்கண்காரர் விடவில்லை. "பாய், ஒரு நிமிஷம். யாராவது ஒடச்சுதான் கெட்டுதான்னு மொதல்ல பாக்கணும்லா?"

டிவியின் முதுகைக் கழற்றினான். உள்ளே தண்ணீர். அண்ணாந்து பார்த்தான். நேர் மேலே ஏசி. அதன் வடிகுழாய் அடைத்து, சொட்டுச் சொட்டாய் ஒழுகியிருந்தது. அதை மாதாமாதம் சுத்தம் செய்ய வேண்டியவன் யேசுராஜ். இரண்டு மாதமாய்த் தொடவே இல்லை.

சொல்லாமல் மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சோலையப்பன் இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"பாய், குத்தவாளி நாந்தான்."

கௌஸ் ஏசியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரே, வக்கீல் வந்தான்னு பார்த்தா அவனே சோர், அவனே திருடன்!"

டிக்கெட் பேச்சு ஓய்ந்தது. தண்டனையாக யேசுராஜ் மூன்று வெள்ளிக்கிழமை விடுமுறையிலும் வெளியே போகாமல், பழைய சாமான் கடையில் வாங்கிய பாகங்களைப் போட்டு டிவியைச் சரிசெய்தான். சோலையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான்.

அதற்குப் பிறகு கேம்ப்பில் எது காணாமல் போனாலும் கௌஸ் எடுத்தவுடன் கத்துவதில்லை. "வக்கீலைக் கூப்பிடு, முதல்ல போனதான்னு பார்ப்போம்," என்பார். பாதி சாமான் கட்டிலுக்கடியிலேயே கிடைத்தது. 2008இல் யேசுராஜை ஓமானின் தெற்கே சலாலாவுக்கு மாற்றியபோது, "யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று ஆபீசில் போய்ச் சண்டை போட்ட ஒரே ஆள் கௌஸ் முகம்மதுதான்.