சொல்லி முடிக்கும்வரை

லிஃப்ட் மெக்கானிக் இறந்த மூன்றாம் நாள், அவருடைய தம்பி கூடத்தில் உட்கார்ந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அண்ணனைப் போலவே திக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ப... ப... பஸ் வருதுன்னு இவன் சொல்றதுக்குள்ள பஸ்ஸே போயிடும்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். இறந்தவரின் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். பழுதை மூலம்வரை தேடிப் போவது அவள் தொழில். இந்தச் சாவின் மூலமும் அவளுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். அவர் பேச்சைப் பாதியில் பிடுங்கி யாராவது தப்பாக முடித்தாலும், தொலையட்டும் என்று தலையாட்டிவிடுவார். டீ கேட்கப் போய்க் காபி குடித்துவிட்டு வந்த மனிதர்.

ஆஸ்பத்திரியிலும் அதுதான் நடந்தது. டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். அப்பாவின் உதடு துடித்தது; சொல் வரவில்லை. வெளியே நீண்ட வரிசை. மகள்தான் முந்திக்கொண்டாள்: "நேத்து வெளியில சாப்பிட்டார் டாக்டர். வாயுவா இருக்கும்."

"அதானே பெரியவரே?"

அப்பா தலையாட்டினார். மறுநாள் மத்தியானம் அவர் இதயம் நின்றது.

மூன்று நாளாக அவள் டாக்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். முந்திக்கொண்டது யார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் அப்பாவோடு இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த கூட்டாளி வந்தார்.

"இந்தத் திக்குவாயனோட எப்படித்தான் காலம் தள்ளினீங்க?" என்றார் தம்பி.

"அவர் லிஃப்ட் கூண்டு மேல நிப்பாரு. நான் மோட்டார் ரூம்ல. 'ஓட்டு'ன்னு அவர் முழுசா சொல்லணும், நான் திருப்பிச் சொல்லணும். அதுவரைக்கும் ஸ்விட்ச்ல கையே வைக்க மாட்டேன். அவசரப்பட்டா ஆளு நசுங்கிடுவாரு. டீ குடிக்கறப்பவும் அவர் முடிக்கறவரை காத்திருக்கற அதே பழக்கம் வந்துடுச்சு. என்னமா கதை சொல்வாரு!"

"கதையா? அப்பாவா?"

"மணிக்கணக்கா. எல்லாம் உன்னைப் பத்திதாம்மா. போன வாரம்கூட..." அழுகையில் அவருக்குச் சொல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பொண்ணை நல்லா படிக்க வெச்சுட்டேன்னு சொல்லியிருப்பான். அதானே?" என்றார் தம்பி.

கூட்டாளியின் தலை ஆடத் தொடங்கியது.

"சித்தப்பா! ஸ்விட்ச்லேர்ந்து கையை எடுங்க!"

கூடம் அதிர்ந்தது.

"டாக்டர்கிட்ட அப்பா சொல்ல வந்ததை நான்தான் முடிச்சேன். அதோட போதும்." கூட்டாளியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க மாமா. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."