தாளில் இல்லாத வியர்வை

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குக் கைபேசித் திரையில் வகுப்பு நடந்தது. திருப்பரங்குன்றத்தில் தனியே வாழும் நான், தங்கை பேத்தியின் வகுப்புக்கு நோயாளியாக நடித்தேன். ஆசிரியர் எழுதி அனுப்பிய வயிற்றுவலி விவரத்தைப் பதிகம் ஓதுவதுபோல் ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்பிப்பேன். அந்நாளில் என்னை நலம் கேட்டவர்கள் அம்மாணவர்கள் மட்டுமே.

ஒருநாள் மெய்யாகவே நெஞ்சு இறுகியது. சொன்னால் இனி அழைக்கமாட்டார்களோ என்றஞ்சி, தாளில் உள்ளபடி "நெஞ்சுவலி இல்லை" என்றேன்.

"தாத்தா, வயித்துவலிக்கு இம்புட்டு வேர்க்காதே. தாளைக் கீழ வச்சுட்டு நெசத்தைச் சொல்லுங்க" என்றாள் பேத்தி.

சொன்னேன். உடனே ஆம்புலன்ஸை அனுப்பினாள். மாரடைப்பின் தொடக்கமாம்; இறையருளால் பிழைத்தேன்.

இப்போது எவர் நலம் கேட்டாலும் உள்ளதை மறைப்பதில்லை. வகுப்புகள் கல்லூரிக்கே திரும்பிவிட்டன, கேட்பவர்தாம் குறைவு.