கழுவிய குடுவை

தண்ணீருக்குப் பதில் வேறொரு திரவத்தில் ஈஸ்டை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று பார்ப்பதுதான் தேனிக் கல்லூரியில் என் ஆராய்ச்சி. ஒருமுறை மூன்று நாள் உயிரோடு இருந்தது. பொட்டிப்புரத்தில் கிணற்றை நம்பி விவசாயம் பார்க்கும் அப்பாவிடம் அன்றே போனில் சொல்லிவிட்டேன்.

"எம்மக தண்ணியே இல்லாம உசுரு வளக்குறா" என்று அவர் டீக்கடை முழுக்கச் சொன்னாராம்.

மறுவாரம் குடுவையை நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி செய்தேன். சாயம் விட்டுப் பார்த்தால் எல்லாமே நீலம். செத்த செல்தான் நீலமாகும். முதல்முறை அவசரத்தில், கழுவிய குடுவையை ஈரத்தோடு எடுத்திருக்கிறேன். அடியில் தங்கிய தண்ணீரில்தான் அவை பிழைத்திருக்கின்றன.

பேராசிரியரிடம் தவறை ஒப்புக்கொண்டேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

"கெணத்துல தண்ணி கெடக்காப்பா?" என்று கேட்டால், "அது எதுக்கு ஆத்தா இனி? அதான் நீ இருக்கீல்ல" என்று சிரிக்கிறார்.

நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன்.