நீலனைப் பிடித்த ஆண்டியப்பன்

ஆண்டியப்பன் நாற்பத்தோரு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவுக்குள் வேலைக்குப் போனவர். அவர் போன தூரம் பக்கத்து ஹட்டன் டவுன் வரைக்கும்தான். அப்படிப்பட்டவர் தலையில்தான் 1961ஆம் வருஷம் கடலைக் கொண்டுவந்து கட்டினார்கள்.

புதிதாக வந்த தொரை கலியாணமாகாதவர். லீவு கிடைத்தால் திருகோணமலைக்குப் போய்க் கடலுக்குள் முங்கி மீன் பார்க்கிற ஆள். பார்த்தது போதாமல், பங்களா முன்னறையில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்றை இறக்கினார். பவளக் கற்களும் கடல் தண்ணீரும் லொறியில் ஏறி வந்தன. காற்று ஊத ஒரு சின்ன மோட்டார், மலைக்குளிருக்கு ஒரு சூடாக்கி.

"ஆண்டியப்பன், இது உன் வேலை. மீன் செத்தால் நீ பதில் சொல்ல வேணும்" என்றார் தொரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

முதலில் வந்தது ஒரே ஒரு மீன். கட்டைவிரல் நீளம். உடம்பெல்லாம் நீலம், வால் மட்டும் மஞ்சள். ஆண்டியப்பன் அதற்கு நீலன் என்று பேர் வைத்தார். இறாலை அம்மியில் நைத்துப் போட்டால் ஓடி வந்து தின்னும். தினமும் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பார். ஒரு மாதம் வரை இந்த வேலை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த மாதம் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் மீன் வந்தது. வண்ணத்துப்பூச்சி மாதிரி அழகு. அதைத் தொட்டியில் விட்ட கால் மணி நேரத்தில் நீலன் கல்லுக்குள்ளிருந்து பாய்ந்து அதன் விலாவில் கடித்தது. தன்னைப்போல் நாலு மடங்கு பெரிய மீனை மூலைக்கு விரட்டியது. மஞ்சள் மீன் காற்றுக்குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு இரை எடுக்காமலே கிடந்து, ஐந்தாம் நாள் மிதந்தது.

"நீலன் கடிச்சே கொன்னுருச்சுங்க தொரை" என்றார் ஆண்டியப்பன்.

தொரை தொட்டிக்கு முன்னால் குனிந்தார். மனித முகம் தெரிந்தால் இரை வருகிறது என்று நீலனுக்குத் தெரியும். அது கண்ணாடியோரம் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"இந்தச் சின்ன மீனா? நீ மோட்டார் பக்கத்தில் பீடி குடிச்சது. புகை தண்ணிக்குள்ளே போனது."

ஆண்டியப்பன் வெற்றிலை போடுவாரே ஒழிய, பீடியைக் கையால் தொட்டதில்லை. அதைச் சொன்னார். தொரை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது மஞ்சள் மீன் நான்கே நாளில் செத்தது. அப்புறம் சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்ட சோடி ஒன்றும், வாலடியில் கத்திபோல முள் வைத்த கரிய மீன் ஒன்றும் வந்தன. சோடி ஒரு மூலையில் பதுங்கிப் பிழைத்துக்கொண்டது. கத்திவாலன்தான் அகப்பட்டது. இரண்டு நாளில் அதன் செட்டை கிழிந்த துணியாகிவிட்டது.

ஆண்டியப்பன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். நீலனுக்குக் கூட இரை போட்டார். தின்ற தெம்பில் இன்னும் அதிகமாக விரட்டியது. தொரையின் சவரக் கண்ணாடியை எடுத்துவந்து தொட்டியின் வெளிப்பக்கம் சாத்தி வைத்தார். நீலன் தன் உருவத்தோடேயே முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவை நிம்மதியாகத் தின்றன. மூன்றாம் நாள் தொரை கண்ணாடியைத் தேடிக் கத்தியதில் அதுவும் முடிந்தது. வலை போட்டால் நீலன் கல்லிடுக்குக்குள் போய்விடும். கை விட்டால் விரலையே கடிக்கும்.

"ஒரு கட்டவெரலு சைசு மீனு, என்னைய இந்தப் பாடு படுத்துது" என்று லயத்துக் காம்பரா அறையில் மனைவி பூரணியிடம் பொரிந்தார். "இருவத்தஞ்சு வருசமா ஒரு பீங்கான் ஒடைச்சதில்ல. இப்ப தெனம் பேச்சு வாங்குறேன்."

கொழுந்துக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்த பூரணி நிமிர்ந்து பார்த்தாள். "வலைய ஏன் போடுறீங்க? எங்கண்ணன் ஆத்துல போத்தல்ல சோத்தைப் போட்டு வச்சுத்தான மீனு புடிக்கும்? உள்ள போனதுக்கு வெளிய வர வழி தெரியாது."

ஆண்டியப்பனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை!

தொரை பத்து நாள் லீவில் கொழும்புக்குப் போன மறுநாள், ஜாம் போத்தலுக்குள் இறால் துண்டைப் போட்டு நீலனின் கல்லுக்கு எதிரே சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் நீலன் உள்ளே போனது. உள்ளங்கையால் வாயைப் பொத்தித் தூக்கிவிட்டார். வெளியே வைத்தால் செத்துப்போகும் என்று, நெருக்கமாகப் பின்னிய மூங்கில் கூடை ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டு அதில் அடைத்தார்.

கத்திவாலன் அன்றே இரை எடுத்தது. ஆண்டியப்பன் பூரணியிடம் போய்ச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் பார்த்தால், நீலன் இருந்த கல்லைக் கத்திவாலன் பிடித்துக்கொண்டு பட்டைச் சோடியை முள்ளால் வீசி விரட்டுகிறது! நேற்றுவரை செட்டை கிழிந்து கிடந்த மீன்.

ஆண்டியப்பன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அரைநாள் பார்த்துக்கொண்டே இருந்தார். சண்டை ஆளுக்கு இல்லை, அந்தக் கல்லுக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினார். பழைய மூலை எதுவும் மிஞ்சவில்லை. மீன்கள் திகைத்துப்போய் ஒன்றையொன்று மறந்து புது இடம் தேடின. கத்திவாலன் அடங்கியது.

இன்னும் இரண்டு வாரம் நீலன் கூடையில் கிடந்தால், வெளியே வரும்போது அதுதான் புது ஆள், அடங்கிப்போகும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் தொரை வந்துவிட்டார்.

"யார் என் மீனை ஜெயிலில் போட்டது?"

"நான்தாங்க தொரை. இப்ப விட்டா மறுபடி கடிக்குங்க."

"திற."

ஆண்டியப்பன் கை கட்டி நின்றார். "தொறக்குறேனுங்க. ஆனா தொரை முன்னால நிக்கக் கூடாதுங்க. சாப்பாட்டறைக் கதவிடுக்கு வழியா ஒரு மணி நேரம் பாருங்க. அதுக்கப்புறம் என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் சரிங்க."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் எந்தத் தொரையிடமும் இப்படிப் பேசியதில்லை. தொரை சிவந்துபோய் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார்.

ஆண்டியப்பன் கூடையைத் திறந்துவிட்டு விலகினார். அறையில் ஆள் இல்லை என்று ஆனதும், நீலன் ஒரு சுற்றுச் சுற்றியது. நேரே போய்க் கத்திவாலனின் வயிற்றில் கடித்தது. விடவில்லை. பட்டைச் சோடி மேலே துள்ளியதில் தண்ணீர் தரையில் தெறித்தது. கதவுக்குப் பின்னால் இங்கிலீசில் ஏதோ வசவு கேட்டது. ஒரு மணி நேரம் தேவைப்படவில்லை.

"பிடி அதை" என்று கத்திக்கொண்டே வந்தார் தொரை.

இப்போது நீலன் போத்தல் பக்கமே திரும்பவில்லை. இறால், நண்டுச் சதை, ஆட்டு ஈரல் எதற்கும் மசியவில்லை. நாலு நாள் மெனக்கெட்டு, கடைசியில் தண்ணீரைத் தகரங்களில் இறைத்து, கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தரையெல்லாம் உப்பாகி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் அது கைக்கு வந்தது. சுண்டுவிரலில் ஒரு கடியும் வாங்கினார்.

இந்தத் தடவை யாரும் கூடையைத் திறக்கச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, கற்களை இன்னொரு முறை மாற்றி வைத்து, கடைசியாக நீலனை விட்டார். கத்திவாலன் அதை ஒரு முறை வாலால் தள்ளியது. நீலன் ஓரத்தில் ஒரு பொந்தைத் தேடிக்கொண்டது. அவ்வப்போது விரட்டத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த மீனும் மிதக்கவில்லை.

தை மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தொரைமார் விருந்துக்கு வந்தார்கள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, தானே கண்டுபிடித்த முறையைத் தொரை கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். ஆண்டியப்பனுக்கு இங்கிலீசு அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் கூடை, கல், போத்தல் என்று கை காட்டிய இடமெல்லாம் புரிந்தது. அவர் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். ஒருத்தர் அவரிடம் ஐஸ் கேட்டார்.

"என் பேரச் சொல்ல வேணாம். பீடி நான் குடிக்கலைன்னாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார் பூரணியிடம்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல."

அடுத்த வியாழக்கிழமை லொறியில் ஒரு தகரம் வந்தது. உள்ளே இன்னொரு நீல மீன், அதே மஞ்சள் வால். நீலன் தனியாக இருக்கிறது, துணை வேண்டும் என்றார் தொரை.

ஆண்டியப்பன் மூங்கில் கூடையை எடுத்துத் தொட்டிக்குள் கட்டி, புது மீனை அதில் விட்டார். தொரை வாயைத் திறந்தார். ஆண்டியப்பன் திரும்பி அவர் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை நாள்?" என்று கேட்டார் தொரை.

"நான் சொல்றேனுங்க" என்றார் ஆண்டியப்பன்.