ஒரு வருடம் என்று சொன்ன நாலு மாதம்

இராமலெட்சுமிக்கு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. 1940ஆம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனைத் தோட்டத்தின் குழாயடியில் வைத்துத் தபால்காரன் அதைக் கொடுத்தான். தோட்டம் என்றதும் மரம் செடி என்று நினைக்கவேண்டாம். ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு அறைகள், நடுவே ஒரு குழாய், கோடியில் நாலு கக்கூஸ். குடம் வைத்துக் காத்துநின்ற பெண்கள் எல்லோரும் அந்தப் பழுப்பு உறையைப் பார்த்தார்கள். யார் யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதை இராமலெட்சுமி மனதில் குறித்துக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பிறந்தது அதே தோட்டத்தில், ஒன்பதாம் அறையில். துறைமுகத்தில் கரி சுமக்க வந்த தாய் தகப்பன் உடம்பு தளர்ந்ததும் ராமநாதபுரத்துப் பக்கம் திரும்பிப் போய்விட, இவள் துறைமுகத் தொழிலாளி அழகுமுத்துவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் அற்றெண்டனாக நின்று, கத்தரிக்கோலை எத்தனை நிமிடம் கொதிக்கவைப்பது, கொப்பூழ்க்கொடியை எங்கே கட்டுவது, இரத்தம் எவ்வளவு போனால் பயப்படவேண்டும் என்பதெல்லாம் படித்தாள். பிறகு ஒரு பிரசவ விடுதியில் மருத்துவிச்சிக்குத் துணையாள். வீடுகளுக்கும் போவாள். சர்டிபிகட் மருத்துவிச்சியிடம், கை இவளுடையது. வலியில் துடிக்கிறவளிடம் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருப்பது இவள் வழக்கம். சிரிக்கிற பெண்ணுக்குப் பல்லைக் கடித்து மூச்சை அடக்க முடியாது என்பதை அனுபவத்தில் கண்டிருந்தாள்.

கடிதம் இங்கிலிஷில் இருந்தது. அன்றைக்கு அவள் வெள்ளவத்தையில், கதிரித்தம்பி கிளாக்கர் வீட்டில், குழந்தை பிறந்து ஆறு நாளான அவர் மனைவியைக் குளிப்பாட்டப் போகவேண்டியிருந்தது. உறையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிளாக்கர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "வோட்டர் லிஸ்டில இருக்கிற உன்ர பேருக்கு ஆட்சேபம் போட்டிருக்கு. நீ இந்த நாட்டில நிரந்தரமா இருக்கிற ஆள் இல்லையாம். கடைசி அஞ்சு வருசத்துக்குள்ள எட்டு மாசத்துக்கு மேல வெளியில இருந்திருந்தால் பேரை வெட்டலாம். நீ ஒரு வருசம் இந்தியாவில இருந்தனியாம். இருந்தனியோ?"

"இல்லீங்கய்யா. புள்ள பெறத்தான் போனேன், கைப்புள்ளயோட திரும்பிட்டேன். நாலு மாசம்."

"தலைப்பிள்ளையை ஏன் அங்க கொண்டுபோய்ப் பெத்தனி? ஊருக்கெல்லாம் பிள்ளை எடுக்கிறாய்."

"முதப் புள்ள அம்மா வீட்டுலதானே. உங்க வீட்டம்மாவுக்குத் தாய் யாழ்ப்பாணத்துலேருந்து வந்து நிக்கிறாங்க. எங்கம்மாவால வர முடியல, நான் போனேன்."

கிளாக்கர் கடிதத்தை மடித்தார். "என்னைக் கேட்டால் வோட்டெண்டது படிச்சவனுக்கு மட்டும் இருந்திருக்கவேணும். எல்லாருக்கும் குடுத்துப்போட்டு, இப்ப ஆரிட்டயிருந்து பறிக்கலாமெண்டு பார்க்கிறாங்கள். உன்னைச் சொல்லேல்லை. நீ நல்ல வேலைக்காரி."

நல்ல வேலைக்காரி அவர் மனைவியின் வயிற்றைச் சற்று அழுத்தமாகவே கட்டிவிட்டு வந்தாள்.

வோட்டுப் போடுவதில் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. பயம் வேறு. போன வருடம்தான் அரசாங்க வேலைகளில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நிறுத்தினார்கள். தோட்டத்திலிருந்தும் இரண்டு குடும்பங்கள் பெட்டி கட்டின. விடுதி மேற்பார்வையாளர் அப்போதே சொல்லியிருந்தார்: "உன் பெயர் லிஸ்டில் இருக்கும்வரை நான் பேசலாம். இல்லையென்றால் எனக்கு வாய் கிடையாது." அந்தப் பெயர் போனால் வேலை போகும். வேலை போனால் ஊருக்குத் திரும்ப அழகுமுத்துவுக்கு நல்ல சாட்டுக் கிடைத்துவிடும்.

ஏனென்றால் அழகுமுத்து வேறு கட்சி. "போனாப் போகட்டும் புள்ள. அங்க சுதந்திரம் வரப்போவுது. நம்ம நாட்டுல நாம நிமிந்து நிக்கலாம். இங்க என்னைக்கும் நம்மளக் கள்ளத்தோணின்னுதான் சொல்வானுங்க."

"நம்ம நாடா? அங்க உனக்கு எந்தத் தெருவுல தண்ணி பிடிக்கிறதுன்னு தெரியுமா? நீயே எழுதிக் குடுத்தியா?"

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன்டி கரி சொமக்கிறேன்?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அன்றைக்கு அவன் வெற்றிலைப் பொட்டலத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தாள். இங்கிலிஷ் தெரிந்த யாரோடாவது சேர்ந்திருந்தால் எதையாவது ஒளித்துவைத்திருப்பான் என்று ஒரு எண்ணம். பாக்குத்தான் இருந்தது.

ஆட்சேபம் போட்டவர் பெயர் கடிதத்தில் இருந்தது. தெமட்டகொடையில் அரசியல் பேசும் யாரோ ஒருவர். அவள் முகமே அவருக்குத் தெரிய நியாயமில்லை. அப்படியானால் அவள் இந்தியா போன கதையை அவருக்குச் சொன்னது யார்? அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் அறைச் சோமதாஸ பாஸ், சிங்களத் தச்சுவேலைக்காரர், இவளை நங்கி, தங்கை, என்று கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்கிற மனிதர். "நீ நல்ல மனுசி நங்கி. ஆனா ஒங்க ஆளுங்க எல்லாம் வோட் போட்டா எங்க ஆளு தோக்கும். அதான் பயம்." அப்படி வெளிப்படையாகச் சொல்கிறவர் இரகசியமாகக் காட்டிக்கொடுப்பாரா? மாட்டார் என்று கழித்தாள். கழித்துக் கழித்து வந்து நின்ற இடம் சுவருக்கு அந்தப்பக்கம், ஜவாஹிறா.

ஜவாஹிறாவின் புருஷன் மர்ஸூக் புறக்கோட்டையில் பீங்கான் கோப்பை விற்பவர். மாதத்தில் இரண்டு கூட்டத்துக்காவது போவார். தாங்கள் இந்த நாட்டு முஸ்லிம்கள், தங்களை இந்தியக் கரையோரத்திலிருந்து வந்து போகிறவர்களோடு சேர்த்து எண்ணக்கூடாது என்று பேசுகிற கூட்டம். இராமலெட்சுமி கப்பலேறின நாளில் அவள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொடுத்தவள் ஜவாஹிறா. போன தேதி அவளுக்குத் தெரியும். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை, குழாயடியில், எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டாள். "என் சோத்துல மண்ணப் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சி?"

ஜவாஹிறாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குடத்தைக் கீழே வைத்தாள். "நான் செல்லிக் குடுத்தெண்டா செல்றீங்க? எனக்குப் புள்ள பெத்து முதுகு நிமித்த நேரமில்ல, நான் ஒங்கட கப்பலுக்குக் காவலா நிக்கிற? நாக்க அடக்கிப் பேசுங்க லெட்சுமி. இண்டேலேந்து என்ட வாசல்ல காலு வெக்க வாணாம்."

"வைக்கமாட்டேன்."

"அடுத்த புள்ளக்கி வேற ஆளப் பாத்துக்குவேன்."

"பாத்துக்க."

வேற ஆள் என்ற அந்த வார்த்தைதான் இராமலெட்சுமியைச் சுட்டது. இருந்தாலும் குடத்தை நிரப்பாமல் போகவில்லை.

கடிதத்தில் போட்டிருந்த நாளில் விசாரணைக்குப் போனாள். உட்காரப் போட்டிருந்த வாங்கு நிறையச் சனம். எல்லோர் கையிலும் அதே பழுப்பு உறை. அதிகாரி ஒரு பறங்கித் துரை, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். ஆட்சேபக்காரர் வரவில்லை. அவருடைய ஆள் ஒருவன் கட்டுக் கடதாசியோடு நின்று ஒவ்வொன்றாக வாசித்தான். இராமலெட்சுமியின் முறை வந்தது. மொழிபெயர்ப்பாளர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார்.

"1936 ஆடி மாதம் இவர் இந்தியாவுக்குப் போனார். திரும்பி வருவதற்கு வைத்திருந்த டிக்கெட்டை..." அவர் நிறுத்தி, வாசித்தவனை இன்னொரு தரம் கேட்டார். "டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டதால் ஒரு வருடம் அங்கேயே தங்கினார்."

வாங்கிலிருந்தவர்கள் சிரித்தார்கள். துரையும் பேனாவால் வாயை மறைத்தார். இராமலெட்சுமி மட்டும் சிரிக்காமல் கையிலிருந்த உறையை மடித்தாள்.

ஆடு கிடையாது. அந்த ஆட்டை உண்டாக்கினது அவள். ஊரிலிருந்து வந்தபிறகு, முதல் பிள்ளைக்காரிகளுக்குச் சொல்லத் தன் சொந்தக் கதையையே எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அறையில் போட்டுப் பூட்டினது, உளுந்தங்களியும் பூண்டுமாகத் திணித்தது எல்லாம் உண்மை. ஆனால் வலி நீண்டால் கதையும் நீளவேண்டுமே. அதற்காக ஒரு ஆடு வந்தது. ஆடு டிக்கெட்டைத் தின்றது. நாலு மாதம் ஒரு வருடமாயிற்று. ஆடு டிக்கெட்டை மெல்லும் இடத்தில் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு தலை இறங்கும். நாலு வருடத்தில் இருநூறு பேருக்காவது சொல்லியிருப்பாள். கொட்டாஞ்சேனையில், மட்டக்குளியில், கொம்பனித்தெருவில். கடைசியாக வெள்ளவத்தையில் கிளாக்கர் மனைவிக்கு. இரண்டு வருடத்துக்கு முன் சோமதாஸ பாஸின் மனைவிக்கு, பாதி சிங்களத்தில்.

ஜவாஹிறாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் கடைசிப் பிள்ளை பிறந்தபோது ஆடு இன்னும் பிறந்திருக்கவில்லை.

"ஒரு வருடம் இருந்தது உண்மையா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"இல்லீங்க. நாலு மாசம். ஆடு பொய்."

"இந்தக் கதையை நீ சொன்னாயா இல்லையா?"

"சொன்னேன். நோவு மறக்கச் சொல்றது."

துரை இங்கிலிஷில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லும்போது பார்வையை மேசைமேல் வைத்துக்கொண்டார். "அப்போது பொய் சொன்ன ஆள் இப்போது உண்மை சொல்கிறாய் என்று எப்படி நம்புவது என்கிறார். எழுத்தில் ஏதாவது இருந்தால் பத்து நாளில் கொண்டுவரவேண்டும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். டிக்கெட் துண்டு எதையும் வைத்திருக்கவில்லை. விடுதிப் புத்தகத்தில் இருப்பது மருத்துவிச்சியின் கையெழுத்து. தன் பெயர் தேதியோடு எந்தக் கடதாசியில் இருக்கிறது? மெயின் வீதி திரும்பும்போது ஞாபகம் வந்தது. வந்ததும் நடை மெதுவானது.

ஊரிலிருந்து வந்து மூன்றாம் வாரம் ஜவாஹிறாவுக்கு மகன் புவாத் பிறந்தான். மர்ஸூக் அப்போது கல்முனையில் காய்ச்சலாகக் கிடந்தார். பிறப்பைப் பதிய வேறு ஆள் இல்லாமல், கூட இருந்தவள் என்று இராமலெட்சுமிதான் போய்த் தகவல் கொடுத்தாள். பிறப்புச் சர்டிபிகட்டில் தமிழில் கையெழுத்தும் வைத்தாள். 1936, மார்கழி. கப்பலேறி ஐந்தாம் மாதம்.

காலை வைக்கவேண்டாம் என்ற வாசலில் காலை வைக்காமல், வெளியே நின்றே கூப்பிட்டாள். "ஜவாஹிறா. நீ சொல்லல்ல. நான்தான் சொல்லியிருக்கேன்." ஆட்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்லி, புவாத்தின் பிறப்புச் சர்டிபிகட்டைக் கேட்டாள். ஜவாஹிறா சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

உள்ளே இருந்து மர்ஸூக்தான் பேசினார். "கடதாசிய வெளிய குடுக்க ஏலா. எங்கட மகன்ட பேரு இந்தியாக் கேஸ் ஒண்டுக்குள்ள போனா, நாளக்கி எங்களையும் வெளியாக்கள் எண்டு எழுதமாட்டானுகளா? எனக்கு ஒங்கமேல கோவமில்ல. எனக்கு எவனையும் நம்பிக்க இல்ல."

"அவன் பொறந்தப்போ உங்க பேருக்குப் பதிலா என் பேருதான் போனிச்சி. அப்போ நான் எந்த நாட்டு ஆளுன்னு நீங்க கேக்கல்லியே."

மர்ஸூக் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். ஜவாஹிறா ரங்குப் பெட்டியைத் திறந்தாள். கடதாசியை எடுத்தாள். இராமலெட்சுமி கையை நீட்டினாள்.

"கையில தரமாட்டேன். நானே கொண்டு வாறேன். என்ட கையிலேந்து அந்தத் துரை பாக்கட்டும், பாத்துப்போட்டு என்ட கையிலயே தரட்டும்."

"நம்பல்லியா?"

"நீங்க நம்பினீங்களா?"

அப்படியே நடந்தது. பத்தாம் நாள் ஜவாஹிறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புவாத்தை இடுப்பில் வைத்தபடி துரையின் மேசைக்கு முன்னால் நின்றாள். சர்டிபிகட்டின் ஒரு மூலையை அவர் பிடித்து வாசிக்க, மறு மூலையை இவள் விடவில்லை. துரை கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், இராமலெட்சுமியை ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடச்சொல்லி ஒப்பிட்டார். ஆட்சேபம் தள்ளப்பட்டது. அன்று அந்த வாங்கில் இருந்தவர்கள்மேல் போட்ட ஆட்சேபங்களில் அப்படித் தள்ளப்பட்டவை அவளுடையதோடு மூன்று. மற்றவர்கள் உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

இருவரும் ஒன்றாகத்தான் நடந்து வந்தார்கள். பாதி வழியில் ஜவாஹிறாவுக்கு இடுப்பு வலித்தது. இராமலெட்சுமி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையைத் தரும்போது ஜவாஹிறா யோசிக்கவில்லை. கடதாசி மட்டும் அவள் மடியில் இருந்தது.

யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று இராமலெட்சுமிக்குக் கடைசிவரை தெரியவரவில்லை. இருநூறு வீட்டில் ஒரு வீடு. ஒருவேளை காட்டிக்கொடுத்ததாகவே இருக்காது. யாரோ ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஆட்டுக் கதையைப் புருஷனிடம் சொல்லிச் சிரித்திருப்பாள். அதை அவன் கூட்டத்துக்குப் போன இடத்தில் சொல்லியிருப்பான். அப்படி நினைத்துப் பார்த்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. குற்றவாளி ஒருத்தி இருந்தால் அவளை மட்டும் தவிர்க்கலாம். இருநூறு பேரை எப்படித் தவிர்ப்பது?

வேலையை விடவில்லை. அடுத்த மாதம் மட்டக்குளியில் ஒரு மீன்காரர் வீட்டில் தலைப்பிரசவம், பகல் முழுவதும் நீண்ட வலி. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவள் இராமலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அக்கா, என்ட மச்சாளுக்கு நீங்க ஆட்டுக்கதை ஒண்டு சொன்னீங்களாம். எனக்கும் சொல்லுங்களன்."

இராமலெட்சுமி அவளைப் பார்த்தாள். பிறகு கதவுப்பக்கம், அங்கே நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"மச்சாள் எந்த வீடு?" என்று கேட்டாள்.

பெண் சொல்வதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. இராமலெட்சுமி குனிந்து கால்களைச் சரிசெய்தாள்.

"கதை ஒண்ணும் இல்ல. வாயத் திறந்து மூச்சு விடு. ஒண்ணு, ரெண்டு எண்ணு. நானும் எண்ணுறேன்."

எண்பத்தேழு எண்ணும்போது பிள்ளை பிறந்தது. ஆட்டோடு என்றால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கும்.