மரகதவல்லி குளிப்பாட்டிய நாற்காலி

திருப்பதியில் மரகதவல்லி குடியிருக்கும் தெருவில் அவளுடைய மடி ஆசாரத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பால் பாக்கெட்டைக் கழுவித்தான் உள்ளே எடுப்பாள். அதோடு விட்டாலாவது பரவாயில்லை, கழுவின குழாயையும் ஒரு தரம் கழுவுவாள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அவர்களுடைய செல்போனை எப்படிக் கழுவுவது என்று தெரியாமல் தவிப்பாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் யாரோ உட்கார்ந்து எழுந்த நாற்காலி ஒன்று குடியேறியது என்றால் அது லேசுப்பட்ட சமாசாரமா?

அவள் வீட்டுக்காரர் வெங்கடராகவன் ஆயுசு முழுக்கக் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்தவர். குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது, முழங்கால்கள்தான் கைவிட்டுவிட்டன. வீட்டுப் பெருமாளோ மாடியில். பரம்பரையாக வந்த சாளக்கிராமங்கள். தினமும் திருவாராதனப் பூஜை ஆகி, சமைத்த தளிகையைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி நைவேத்தியம் ஆன பிறகுதான் அந்த வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைப்பார்கள். பெருமாளுக்கு மேலே மனுஷர் கால் படக்கூடாது என்று வீடு கட்டும்போதே மாடி முன்னறையை அவருக்கு ஒதுக்கிவிட்டார்கள். மாடியின் பின்பக்கத்தில், வெளிப்படி வழியாக ஏறிப்போகும் குடித்தனக்காரர் தணிகாசலம். பெருமாளைக் கீழே முன்கூடத்துக்குக் கொண்டுவந்தால், அங்கே ஊர்ச் செருப்பெல்லாம் கிடக்கும். உள்ளே தள்ளினால் தலைக்கு மேலே தணிகாசலத்தின் குளியலறை.

ஆகவே வெங்கடராகவன் காலையில் குளித்து மடி உடுத்தி, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றிப் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக நகர்ந்து ஏறுவார். மரகதவல்லி சமையலறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். போய்ப் பார்த்தால் அவருக்கு வெட்கமாகப் போகும் என்று போகமாட்டாள். ஆனால் மேலே போய்ச் சேரும்வரை அவள் கரண்டி ஓடாது.

பெங்களூரிலிருந்து பிள்ளை பிரஹ்லாத் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"படியில தண்டவாளம் வெச்சு மோட்டார்ல ஓடற நாற்காலி போட்டுக்கோங்கோம்மா. இல்லேன்னா சாளக்கிராமத்தைக் காஞ்சிபுரத்துல சித்தப்பா ஆத்துக்கு ஏளப்பண்ணி அனுப்பிடலாம். அப்பா விழுந்து வெச்சா யார் பாக்கறது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பெருமாள் போய்விட்டால் இந்த மனுஷர் காலையில் எதற்காக எழுந்திருப்பார்? நாற்காலிக்கே ஏற்பாடு பண்ணச் சொல்லிவிட்டாள் மரகதவல்லி.

நாற்காலிக்கு அளவெடுக்கச் சித்தூரிலிருந்து கிரண்குமார் வந்தான்.

"நேர்ப்படிம்மா, நல்லதாப் போச்சு. திரும்பல் இருந்தா தண்டவாளத்தப் புதுசாத்தான் செய்யணும். இதுக்குப் பழசையே அளவா வெட்டி மாட்டிடலாம். புது நாற்காலின்னா வெளிநாட்டுலருந்து வரணும், மூணு மாசம் ஆவும். ரீகண்டிஷன்னா, ஒருத்தர் வெச்சிருந்ததச் சரிபண்ணது, மெட்ராஸ்ல ரெடியாக் கீது. பாட்டரி, பெல்ட்டு எல்லாம் புதுசு போட்டுக் குடுக்குறோம். வர வாரமே ஓடும். நல்லா யோசிச்சு செப்பண்டி, சொல்லுங்க."

புதுசுதான் என்று பிரஹ்லாத் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தான். அம்மாவின் மடி அவனுக்குத் தெரியாதா?

"மூணு மாசம் இவர் தவழணுமா? பழசையே போடு" என்றாள் மரகதவல்லி.

வெங்கடராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

நாற்காலி வந்தது. அவர் தர்ப்பையால் தீர்த்தம் தெளித்து மந்திரம் சொல்லிச் சுத்தி பண்ணினார். அவள் தன் பங்குக்கு ஒரு பழைய பட்டுத்துணியை இருக்கையில் விரித்தாள். "தண்ணி மட்டும் ஊத்தக்கூடாதும்மா, காஞ்ச துணியால தொடச்சாப் போதும்" என்றான் கிரண்குமார். அவள் தலையாட்டினாள். மரகதவல்லி தலையாட்டினால் கேட்டுக்கொண்டாள் என்றுதான் அர்த்தம், ஒப்புக்கொண்டாள் என்றில்லை. பாவம், அவனுக்கு அது தெரியாது.

முதல் நாள் அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து மேலே போனதை அவள் வெளியே வந்து நின்றே பார்த்தாள். "உற்சவர் வாகனத்துல போறாப்லன்னா இருக்கு!" என்று கேலி செய்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க வீடே சிரித்த முகமாக இருந்தது.

ஏகாதசியன்று கிரண்குமார் சோதித்துப் பார்க்க வந்தான். வேலை முடிந்து கிளம்புகிறவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா?

"இதுக்கு மின்ன வெச்சிருந்த அம்மாவுக்கு இது மேல உசுருங்க. இதுலயே உக்காந்துகினுதான் டிபன் துன்னுவாங்களாம். அங்கருந்து டீவி நல்லாத் தெரியுமாம்."

எச்சில்! மரகதவல்லிக்குப் பகீரென்றது. அன்று பட்டினியோடு பட்டினியாக அவள் நினைப்பெல்லாம் அந்த அம்மாளின் டிபனிலேயே இருந்தது. இட்லியா, தோசையா? சட்னி சிந்தியிருப்பாளோ? இத்தனை நாளும் அதன்மேல் உட்கார்ந்தல்லவா இவர் பெருமாளிடம் போயிருக்கிறார்!

மறுநாள் துவாதசி. அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை நாற்காலியின் தலையோடு கொட்டினாள். துடைத்தாள், பட்டுத்துணியை மறுபடி விரித்தாள். மனசு குளிர்ந்துவிட்டது.

அவர் வந்து உட்கார்ந்து பித்தானை அழுத்தினார். நாற்காலி பாதிப் படிவரை போய் ஒரு செருமல் செருமி நின்றுவிட்டது.

மரகதவல்லி போன் போட்டாள். கிரண்குமார் கேட்டான். "தண்ணி ஏதாவது பட்டுச்சாம்மா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஒரு குடம்."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது. "எதையும் தொடாதீங்க. பெல்ட்டோட அப்படியே உக்காந்துகினு இருக்கச் சொல்லுங்க. நான் பொறப்பட்டுட்டேன்."

சத்தம் கேட்டுத் தணிகாசலம் ஓடிவந்தார். "சாமி, அலாக்காத் தூக்கி மேல வுட்டுர்றேன்" என்று கையை நீட்டினார்.

"தொட்டுடாதப்பா, மடி!" என்று அலறினார் வெங்கடராகவன். மடியில் இருப்பவரைப் பெற்ற பிள்ளையே ஆனாலும் குளிக்காமல் தொடக்கூடாது. தொட்டால் கீழே இறங்கி மறுபடி குளிக்க வேண்டும். குளித்தபின் மறுபடி எப்படி ஏறுவது? நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தணிகாசலம் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

முந்தாநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெங்கடராகவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துவாதசியில் சீக்கிரமாகச் சாப்பிட்டு விரதத்தை முடித்து, பாரணை பண்ணியாக வேண்டும். பெருமாள் கண்டருளாமல் பாரணை ஏது? அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமையலறையில் ஆறிக்கொண்டிருந்தன. அவர் உதடு வெளுத்துப் போயிருந்தது.

"என்னாலதான்" என்று மரகதவல்லி அழுதாள். டிபன் கதையைச் சொன்னாள்.

"சட்னி போச்சா?" என்று கேட்டார் அவர். கோபமே இல்லை. பிறகு மாடியைப் பார்த்தார். "மரகதம், நீ மேல போ."

"நானா?"

"கதவைத் திற. பெருமாளைத் தொட வேண்டாம். தளிகையை முன்னாடி வெச்சுத் துளசியைச் சேத்துக் கண்டருளப் பண்ணு. பாசுரத்தை நான் இங்கேர்ந்து சொல்றேன், கூடவே சொல்லு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பெருமாள் அறையின் வாசற்படியைத் தாண்டி நின்றதில்லை. தளிகையைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு ஒதுங்குவதுதான் வழக்கம். பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நாற்காலியை உரசாமல் ஒருக்களித்து ஏறினாள். கதவைத் திறந்து, தளிகையை முன்னால் வைத்துத் துளசியைச் சேர்த்தாள். கீழேயிருந்து அவர் குரல் வர, இவள் தொடர்ந்தாள். நடுவில் அவருக்குத் தொண்டை வறண்டு குரல் நின்றுபோயிற்று. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனாள், ஓர் எழுத்து பிசகாமல், கடைசியில் வரும் சாத்துமுறைவரை.

தீர்த்தத்தோடு இறங்கி வந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது.

"எப்போடி கத்துண்டே?"

"கத்துக்கலே. தினம் காதுல விழறதே."

அவர் கையில் தீர்த்தத்தை விட்டாள். பிறகு கீரையும் சாதமும் பிசைந்து கொண்டுவந்து, அந்த நாற்காலியிலேயே அவரைச் சாப்பிட வைத்தாள். இரண்டு பருக்கை இருக்கையில் சிந்தின. அவள் குடத்தை எடுக்கப் போகவில்லை.

கிரண்குமார் வந்து நாற்காலியைப் பிரித்து, நனைந்த பாகத்தைக் கழற்றி வேறு போட்டு ஓட்டிக் காட்டினான். அதற்குள் பிரஹ்லாத் போனில் குதித்தான். "இன்னிக்கே புதுசுக்குச் சொல்லிடறேன்ப்பா. அதுவரைக்குமாவது பெருமாள் சித்தப்பா ஆத்துல இருக்கட்டும்."

வெங்கடராகவன் போனை வாயருகே பிடித்துக்கொண்டார்.

"புதுசும் ஒருநாள் நிக்கும்டா. இதுவே போதும். நின்னா நிக்கட்டும், என் காலும் நிக்கட்டும். பெருமாள் எங்கேயும் போகமாட்டார். உங்கம்மா இருக்கா."

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் தன்னைப் பற்றி இன்னொருவரிடம் இப்படிச் சொல்லி மரகதவல்லி கேட்டதே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிரண்குமாருக்கும் தணிகாசலத்துக்கும் காபி கலக்க உள்ளே போனாள்.